எனக்கு இல்லாத தங்கை

என் வேலையே சந்தேகப்படுவதுதான். பெங்களூர் பொம்மசந்திராவில் மருந்துகளுக்கான அட்டைப்பெட்டி அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில், தரம் பார்க்கும் பிரிவில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். நூறு பெட்டி சரியாக வந்தாலும் நூற்றியொன்றாவதில் என்ன கோளாறு என்று தேடுகிறவள்.

அந்தப் பழக்கம்தான் மனிதர்களிடமும் ஒட்டிக்கொண்டது என்று சொன்னால் வேலையின் மேல் பழி போட்டதாகும். மனிதர்களே கற்றுக்கொடுத்தார்கள். ஈஜிபுராவில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி பாயசமும் கையுமாக வந்து பழகினாள். மூன்றாவது வாரம், உடம்பு இளைக்கும் பவுடர் விற்கிற கூட்டத்துக்குக் கூப்பிட்டாள். இருபது வருஷம் கழித்து என் நம்பரைக் கண்டுபிடித்துப் பேசிய பள்ளிக்கூடத் தோழி, பழைய நாளை நினைத்து போனிலேயே அழுதாள். மறுநாள் காலை அவளிடமிருந்து இன்சூரன்ஸ் பாரம் வந்தது. அதற்கப்புறம் கம்பெனி பஸ்ஸில் நான் இயர்போன் மாட்டிக்கொண்டுதான் உட்காருவேன். அதில் பாட்டு எதுவும் ஓடாது. யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருந்தால் போதும்.

போன வருஷம் மழைக்காலத்தில், பழைய அச்சு லைனை மூடப்போகிறார்கள், கொஞ்சம் பேரை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று கம்பெனியில் ஒரு பேச்சு அடிபட்டது. அது அடங்குவதற்குள் ஹெச்.ஆரிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. சனிக்கிழமை காலை எல்லாப் பிரிவிலிருந்தும் சிலர் மீட்டிங் ஹாலுக்கு வர வேண்டும், மனம் திறந்து பேசும் பயிற்சி, டிபன் உண்டு. என் பெயரும் அதில் இருந்தது.

ஹாலில் மேஜைகளை அகற்றி நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பயிற்சி கொடுக்க வந்தவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடுவில் நின்று, கன்னடமும் இங்கிலீஷும் நடுநடுவே தமிழுமாகப் பேசினார். நாமெல்லாம் முகமூடி போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறோமாம். அதைக் கழற்றினால்தான் ஒருவரோடு ஒருவர் ஒட்ட முடியுமாம். "இங்கே யாருக்குமே தெரியாத ஒரு விஷயத்தை ஒவ்வொருத்தரும் சொல்லணும். இங்க பேசுறது இந்த ரூமை விட்டு வெளிய போகாது" என்றார்.

அவர் அதைச் சொல்லும்போதே ஹெச்.ஆர். மேடம் மூலையில் உட்கார்ந்து மடியில் நோட்டை விரித்து வைத்திருந்ததை நான் பார்த்தேன். வெளியே போகாத பேச்சுக்கு நோட்டு எதற்கு?

ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒருவருக்கு லிப்டில் ஏறப் பயமாம். இன்னொருவர் கல்லூரியில் நாடகம் போட்டவராம். எல்லாம் யாரும் பிடித்துத் தொங்க முடியாத விஷயங்கள். அப்புறம், சரக்கு ஏற்றி அனுப்பும் டிஸ்பாட்சில் ஷிப்ட் பொறுப்பில் இருந்த ஒரு பெண் பேசினாள். சந்தாபுராவிலிருந்து வருகிறவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். கேன்டீனில் பார்த்திருக்கிறேனே தவிர பேசியதில்லை.

"எனக்கு இங்கிலீஷ் சரியா படிக்க வராதுங்க" என்றாள். "மெயில் வந்தா, பழைய மெயிலோட வச்சுப் பார்த்து, அதே மாதிரி இருக்கான்னு பார்ப்பேன். புரியலன்னா பாத்ரூம் போய் என் பொண்ணுக்கு போட்டோ அனுப்புவேன். அவ சொல்லுவா. அஞ்சு வருஷமா இப்படித்தான் ஓட்டிக்கினு இருக்கேன்."

பயிற்சிக்காரர் கண்ணை மூடி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஆள் குறைக்கப்போகிற நேரத்தில் இப்படி ஒருத்தி வாயைத் திறந்தால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும் என்று நினைத்தேன். ஒன்று, அசட்டுத்தனம். இல்லையென்றால், மற்றவர்களைப் பேச வைப்பதற்காக ஹெச்.ஆர். முன்கூட்டியே சொல்லி வைத்த ஆள்.

அடுத்தது என் முறை. சும்மா விட மாட்டார்கள் என்று தெரிந்தது. யாருக்கும் கெடுதல் இல்லாத ஒரு பொய்யைத் தேடினேன்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா" என்றேன். "அம்மாவ யார் வச்சுக்கிறதுங்கிறதுல சண்ட. பதினோரு வருஷமா பேச்சு இல்ல."

நான் வீட்டுக்கு ஒரே பெண். அம்மா கடைசிவரை என்னோடுதான் இருந்தாள். இல்லாத ஆளைப் பற்றிய பொய்யை யாரும் போய் விசாரிக்க முடியாது என்பதுதான் என் கணக்கு. சொல்லும்போது குரல்கூட லேசாக உடைந்தது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் கேன்டீனில் அந்தப் பெண் தட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? உங்க தங்கச்சிய நெனப்பீங்களா?"

என் கை சோற்றிலேயே நின்றது. "எதுக்குக் கேக்குற?"

"சும்னேதான். எனக்கும் ஒரு அக்கா இருக்கா. ஓசூர்ல. ஒன்பது வருஷமா பேசுறதில்ல."

சனிக்கிழமை நான் எனக்குத் தங்கை இருக்கிறாள் என்றால், திங்கட்கிழமை இவளுக்கு ஒரு அக்கா இருக்கிறாள்! எவ்வளவு பொருத்தம் என்று நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிக்கொண்டே போனாள். அக்கா மகளின் சடங்குக்கு இவள் போகவில்லை. அன்றைக்குக் கரு கலைந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். அப்போது யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்துச் சொன்னபோது அக்கா நம்பவில்லை.

"வேணும்னே வராம இருந்துட்டு இப்ப பொய் சொல்றன்னுட்டா, அக்கா. அதோட நானும் விட்டுட்டேன். ஓசூர் இங்கிருந்து அரை மணி நேரம். ஆனா போகல. நீங்க சொல்லுங்க. பெரியவங்களுக்குச் சின்னவங்க ஞாபகம் வருமா, வராதா?"

எப்படியாவது பேச்சை முடித்தால் போதும் என்று இருந்தது. "தினமும் வரும்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அந்த வாரக் கடைசியில் அவள் ஓசூருக்குப் போனாள். திங்கட்கிழமை தரம் பார்க்கிற மேஜைக்கே வந்து நின்றாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள்.

"கதவத் திறந்தா. உள்ள வான்னுகூடச் சொல்லல. நானே போய் உக்காந்தேன். தோச சுட்டா. மூணு போதுமா, நாலு வேணுமான்னு கேட்டா. அவ்ளோதான் பேச்சு. கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தா, அக்கா. நீங்க சொல்லலன்னா நான் போயிருக்கவே மாட்டேன்."

வாழ்த்து மாதிரி ஏதோ முணுமுணுத்தேன். அவள் போகவில்லை. "உங்க தங்கச்சி நம்பரக் குடுங்க. நீங்க பேச வேணாம். நானே பேசுறேன். நானும் ஒரு தங்கச்சிதானே, எனக்குத் தெரியும் எப்படிப் பேசணும்னு."

"வேணாம்" என்றேன்.

"சரி, எந்த ஊர்ல இருக்காங்க, அதச் சொல்லுங்க."

அந்தக் கேள்விதான் என் சந்தேகத்தைக் கெட்டியாக்கியது. நான் சொன்னது உண்மையா என்று சரிபார்க்க இவளை யாரோ அனுப்பியிருக்கிறார்கள். அன்று வீட்டில் இதைக் கணவரிடம் சொன்னேன். "இல்லாத தங்கச்சிக்காக ஒரு மனுஷி தூக்கத்தக் கெடுத்துக்குவாளா?" என்று கேட்டுவிட்டு அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாலு நாள் கழித்து ஹெச்.ஆர். மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து வேலைக்கு வர முடியுமா என்று கன்னடத்தில் கேட்டார். வீட்டில் வேலை இருக்கிறது என்றேன். "உங்களுக்குச் சொந்தக்காரர்களோடு அவ்வளவாகப் போக்குவரத்து இல்லை அல்லவா? தங்கைகூட..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மேடமும் அன்று ஹாலில் இருந்தார் என்பதே நினைவுக்கு வராமல், டிஸ்பாட்ச் பெண்தான் சொல்லியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். நேராக டிஸ்பாட்சுக்குப் போனேன். அவள் அங்கே இல்லை. பெட்டி மடித்து ஒட்டும் லைனில், பசை வாசத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். சாப்பாட்டு மணி அடிக்கிறவரை பொறுத்திருந்து, கேன்டீன் வாசலிலேயே அவளை மறித்தேன்.

"என்னப் பத்தி மேடம்கிட்ட என்னென்ன சொல்லி வச்சிருக்க?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் எதுக்கு அக்கா சொல்லப் போறேன்?"

"தங்கச்சி ஊர் எது, நம்பர் எதுன்னு நீ துருவித் துருவிக் கேட்ட. இன்னிக்கு மேடம் தங்கச்சிங்கிறாங்க. என்ன, என்னைய முட்டாள்னு நெனச்சியா?"

"என்னைய எதுக்கு லைன்ல போட்டிருக்காங்கன்னு தெரியுமா?" என்றாள். "இங்கிலீஷ் தெரிஞ்ச ஆள்தான் டிஸ்பாட்சுக்கு வேணுமாம். அஞ்சு வருஷத்துல ஒரு லோடு தப்பாப் போனதில்ல. நான் அன்னிக்கு அந்த ரூம்ல சொன்னது தவிர இவங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களுதும் அதே நோட்டுலதான் இருந்திருக்கும்."

கம்பெனியைப் பற்றி நான் சந்தேகப்பட்டது அத்தனையும் சரி. இவளைப் பற்றிச் சந்தேகப்பட்டது அத்தனையும் தப்பு. இரண்டும் ஒரே நிமிஷத்தில் தெரிந்தபோது பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"எனக்குத் தங்கச்சி கிடையாது" என்றேன்.

"இன்னாது?"

"கூடப் பிறந்தவங்களே கிடையாது. ஏதாவது சொல்லணுமேன்னு சொன்னது."

"தினமும் ஞாபகம் வரும்னீங்களே?"

"அதுவும்தான்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. தண்ணீர் டிரம்முக்குப் போய் டம்ளரைக் கழுவி, தண்ணீர் பிடித்து, குடித்துவிட்டு, வேறு மேஜையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் அக்கா ஒன்பது வருஷத்துக்கு முன் அவளைப் பொய் சொல்கிறாய் என்றாள். பொய்யே சொல்லாதவளிடம் போய் நான் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலை நானே ஹெச்.ஆர். மேடம் அறைக்குப் போனேன். தைரியசாலி இல்லை நான். மனசு உறுத்தியதில் போனேன்.

"மேடம், அன்னைக்கு நான் சொன்னது பொய். எனக்குத் தங்கையே இல்லை. உங்க நோட்டுல அடிச்சிடுங்க" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. "அப்படி ஒரு இடத்தில் எதற்காகப் பொய் சொன்னீர்கள்?"

"இதுக்காகத்தான் மேடம்."

நான் தொடர்ந்தேன். "அந்தப் பொண்ணு நெஜத்தச் சொன்னா. லைனுக்கு அனுப்பிட்டீங்க. பொய் சொன்ன நான் என் இடத்துலயே இருக்கேன். இன்னொரு தடவ பயிற்சி வச்சா யாரு என்ன சொல்லுவாங்க?"

யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். இனி என் பெயர்தான் முதலில் போகும் என்றே நினைத்தேன். ஒரு மாதம் கழித்து அவளை டிஸ்பாட்சுக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நான் பேசியதால்தான் என்று சொல்ல மாட்டேன். அவள் இடத்துக்குப் போட்டவர் பதினைந்தே நாளில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அதுவே காரணமாக இருக்கலாம்.

அந்த ஒரு மாதமும் அவள் என்னிடம் பேசவில்லை. திரும்ப டிஸ்பாட்சுக்கு வந்த அன்று என் மேஜைக்கு வந்தாள்.

"மேடம்கிட்ட போய்ப் பேசினீங்களாமே. நெஜமாவா, இல்ல இதுவும் கதையா?"

"நெஜம்தான்."

"யாரு சாட்சி?"

"யாரும் இல்ல. அந்த மேடமத்தான் கேக்கணும்."

"அவங்கள எப்படி நம்புறது?" என்றாள். முதல் தடவையாக இருவரும் சேர்ந்து சிரித்தோம். ஆனால் எனக்கு உள்ளே ஒரு மாதிரி இருந்தது. முன்பு இப்படியெல்லாம் கேட்கத் தெரியாதவள் அவள்.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைச் சந்தாபுராவில் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். எதற்குக் கூப்பிடுகிறாள் என்ற கேள்வி அத்திப்பள்ளி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் எனக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. போய்ப் பார்த்தால், கூடத்தில் அவள் அக்கா உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். முழங்காலில் துணிப்பட்டை கட்டியிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு இவங்க?"

"என்கூட வேல செய்றவங்க. உன்னப் பார்க்க வரச் சொல்லி என்னைய அனுப்பினாங்களே, அவங்கதான். பொய் சொல்லி அனுப்பினாங்க."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?"

"பயம்."

"யாரப் பார்த்து?"

"எல்லாரையும்தான்" என்றேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த வட்டத்தில் கேட்டபோது என்னிடம் இருந்த உண்மையான பதில் இதுதான் போலிருக்கிறது.

அக்கா காலை மெதுவாக நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்தாள்.

"ஆபரேஷன் பண்ணணுங்கிறாரு டாக்டர். எனக்கு நம்பிக்க இல்ல. நீங்க தப்புக் கண்டுபிடிக்கிற வேலையில இருக்கீங்களாமே. இதுல எழுதியிருக்கிறதும் அவர் சொல்றதும் ஒண்ணுதானான்னு பாருங்க."

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க" என்றேன்.

"தெரியாதுன்னு சொல்றீங்க பாருங்க, அதுவே போதும். படிங்க."

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். சமையலறையிலிருந்து அவள் தங்கை, காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாள். அக்கா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்ட, நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன்.