கைப்பைக்குள் இருந்த பதிலுரை

என் மனைவிக்கு அன்று தொண்டை வலி இருக்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு எழுதலாம் என்று வைத்தால் நான் சுற்றிவளைத்து நியாயம் சொல்லத் தொடங்கிவிடுவேன். முப்பது வருடம் படிப்பித்தவனுக்கு அது சுலபமாக வரும்.

எங்கள் மகள் கலியாணம் செய்தது ஒரு ஸ்கொட்லாந்துக் குடும்பத்தில். சம்பந்தி அங்கிருந்து இங்கே நோர்பரிக்கு வந்து நாற்பது வருடமாகிறது. ஆனாலும் ஜனவரி கடைசி வந்தால் தங்கள் நாட்டின் தேசியக் கவிஞருக்கு அவர் பிறந்தநாள் விருந்து வைக்காமல் இருக்கமாட்டார். மற்ற இடங்களில் அது இரவு விருந்து. அவர் பேரப்பிள்ளைகளுக்காகச் சனிக்கிழமை மதியத்துக்கு மாற்றி, வீட்டுக்குப் பக்கத்துத் தேவாலய மண்டபத்தில் நடத்துவார். அறுபது பேராவது வருவார்கள்.

அந்த விருந்தில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பாடு முடிந்ததும் ஓர் ஆண் எழுந்து பெண்களைக் கேலிசெய்து பேசவேண்டும். கடைசியில் அவர்களைப் புகழ்ந்து கிண்ணத்தை உயர்த்தவேண்டும். உடனே ஒரு பெண் எழுந்து, கேட்ட கேலியை வட்டியோடு திருப்பிக் கொடுப்பாள். சபை அதிகம் கைதட்டுவது அந்தப் பதிலுரைக்குத்தான்.

மூன்று வருடத்துக்கு முன் சம்பந்தி என்னை ஆண்கள் பக்கத்துக்குக் கேட்டார். பதிலுரைக்கு என் மனைவியைக் கேட்டார். "இரண்டு பேரும் ஒரே வீட்டிலிருந்து வந்தால் சண்டை நன்றாக இருக்கும்" என்று சிரித்தார். அவள் மறுப்பாள் என்று நினைத்தேன். அவள் ஓம் என்றுவிட்டாள்.

அவளுக்கு ஆங்கிலம் விளங்கும். பேச வராது. சொல்லவேண்டியதைத் தமிழில் யோசித்து, மகளிடம் தொலைபேசியில் ஆங்கிலம் கேட்டு, அந்த ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். கொப்பியிலிருந்து கிழித்த நான்கு தாள். காலையில் நான் தேத்தண்ணீர் குடிக்கும்போது பிரிட்ஜைப் பார்த்து நின்று பாடமாக்குவாள்.

"ஒருக்கால் இருந்து கேளுங்கோவன். பிழை இருந்தால் சொல்லலாம்தானே?"

"அங்கை வந்து கேக்கிறன். இப்பவே கேட்டால் எனக்குச் சிரிப்பு வராது."

"உங்களுக்கு எங்கை சிரிப்பு வரப்போகுது? அடி விழப்போறது உங்களுக்கு."

கேட்கவில்லை என்பது பொய். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து துண்டு துண்டாகக் கேட்டேன். 'ஸ்கூல்' அவள் வாயில் 'இஸ்கூல்' ஆனது. ஓரிடத்தில் மூச்சு வாங்கி, திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள். நான் ஊரிலும் இங்கும் ஆங்கிலம் படிப்பித்தவன். அறுபது வெள்ளைக்காரர் முன்னால் என் மனைவி அப்படி நிற்பதை நினைக்க என் உடம்பு கூசியது. அவள் அவமானப்படக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்தது என் மானத்துக்கு.

வியாழக்கிழமை அவள் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போயிருந்த நேரம் சம்பந்திக்குத் தொலைபேசி எடுத்தேன். அவளுக்குத் தொண்டை கட்டிப்போய்விட்டது, உங்களுக்குச் சொல்லச் சங்கடப்படுகிறாள், அவளிடம் இதைப்பற்றிக் கேட்கவேண்டாம் என்றேன். அவர் கவலைப்பட்டார். தன் தங்கையைப் பேசச் சொல்வதாகச் சொன்னார்.

அவளிடம் நிகழ்ச்சி மாறிவிட்டது என்று ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை சொல்லவில்லை. சனிக்கிழமை ஈஸ்ட் ஹாமில் ரயில் ஏறியபின் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அடுத்ததில் சொல்வோம் என்று இருந்தேன். அவள் கைப்பையை மடியில் வைத்து, கண்ணை மூடி, உதடு மட்டும் அசையப் பாடமாக்கிக்கொண்டே வந்தாள். விக்டோரியாவில் மாறியபோதும் சொல்லவில்லை. மகள் ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிந்து பிந்தித்தான் வருவாள் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. அம்மாவுக்குத் தொண்டை வலியா இல்லையா என்பது அவளுக்குத் தெரியும்.

மண்டபத்தில் எல்லோரும் எழுந்து நிற்க, ஒருவர் பைக்குழல் ஊதிக்கொண்டு முன்னே வந்தார். பின்னால் பெரிய தட்டில் ஹாகிஸ் வந்தது. ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸோடு சேர்த்து அடைத்து அவித்த உருண்டை.

"தவில் இல்லாமல் சாமி வருகுது" என்று அவள் என் காதுக்குள் சொன்னாள்.

நல்ல நாளாக இருந்தால் நான் வாய்விட்டுச் சிரித்திருப்பேன். சம்பந்தி கட்டம்போட்ட கம்பளிப் பாவாடையோடு அந்த உருண்டைக்கு முன்னால் நின்று, கவிஞர் அதைப் புகழ்ந்து எழுதிய பாட்டை முழங்கிக் கத்தியால் கிழித்தார். ஆவி பறந்தது. அவளுக்குப் பருப்பில் செய்த சைவ ஹாகிஸும், மசித்த டேர்னிப் கிழங்கும் உருளைக்கிழங்கும் வைத்தார்கள். அவள் இரண்டு கரண்டிதான் சாப்பிட்டாள்.

"வயிறு நிறைஞ்சால் சத்தம் வராது."

அப்போதும் சொல்லியிருக்கலாம்.

என் முறை வந்தது. பல்கலைக்கழகத்தில் விவாதப் போட்டிக்குப் போனவன் நான். முதல் சிரிப்பு விழுந்ததும் எனக்குள் பழைய ஆள் எழும்பிவிட்டான். "முப்பத்தைந்து வருடமாக என் மனைவியின் வலிகளை டாக்டருக்கு நான்தான் சொல்லி வருகிறேன். போன மாதம் அவளுடைய முழங்காலைப் பற்றி அவ்வளவு உருக்கமாகச் சொன்னேன், டாக்டர் எனக்கு மாத்திரை எழுதித் தந்துவிட்டார்" என்றேன். மேசையில் தட்டிச் சிரித்தார்கள். அவளுடைய ஆங்கிலத்தை வைத்து இன்னும் மூன்று பகிடி விட்டேன். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் சிரித்தாள். கோபமே இல்லை. நான் கிண்ணத்தை உயர்த்திவிட்டு வந்து இருந்ததும் கைப்பையைத் தட்டிக் காட்டினாள்.

"நல்லாச் சிரிக்கச் சொல்லுங்கோ. இப்ப என்ர முறை."

தாள்களை எடுத்து மடியில் விரித்தாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்து, எழும்புவதற்காகக் கதிரையைக் கொஞ்சம் பின்னே தள்ளினாள்.

சம்பந்தி எழுந்து தன் தங்கையின் பெயரைச் சொன்னார்.

அவளுக்கு உடனே விளங்கவில்லை. தன்னைத்தான் அழைத்தார் என்று பாதி எழும்பிவிட்டாள். அடுத்த மேசையில் அந்தப் பெண் எழும்புவதைக் கண்டு அப்படியே நின்றாள். பிறகு மெல்ல இருந்தாள்.

"ஏன் அவ எழும்புறா?"

நான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இஞ்சருங்கோ, உங்களைத்தான் கேக்கிறன்."

அப்போது சம்பந்தியின் மனைவி ஒரு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி எங்கள் மேசைக்கு வருவதைக் கண்டேன். ஆவி வந்துகொண்டிருந்தது. சுடுதண்ணீர், தேன், எலுமிச்சை, அவற்றுக்கு மேல் தாராளமாக விஸ்கி. "பாவம், உங்கள் தொண்டைக்கு" என்று அவளுக்கு முன்னால் வைத்து, தோளில் கை வைத்தார். "நேற்று முழுக்க உங்களை நினைத்துக் கவலைப்பட்டோம்."

அவள் என்னைப் பார்த்தாள். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல் அவளுக்கு ஆங்கிலத்தில் நன்றாக வரும். நான் அதற்காகக் காத்திருந்தேன்.

அவள் தொண்டையைத் தொட்டுத் தலையாட்டினாள். கோப்பையை எடுத்தாள். கேக்கில் பிராந்தி வாசம் வந்தாலே ஒதுக்கிவைப்பவள். அன்று தைப்பூசத்துக்காகச் சைவம் மட்டும் சாப்பிடும் விரதத்திலும் இருந்தாள். கண்ணில் தண்ணீர் வர வர, அந்த அம்மா பக்கத்தில் நின்று பார்க்க, அடிவரைக்கும் குடித்து முடித்தாள். பிறகு தாள்களை மடித்துக் கைப்பைக்குள் வைத்து, மற்றப் பெண்ணின் பேச்சுக்கு எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள்.

மகள் மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள். "அம்மா கதைச்சவவோ? ஐ மிஸ்ட் இட்?"

"தொண்டை அடைச்சுப்போச்சுப் பிள்ளை" என்றாள்.

"நேற்று போனிலை நல்லாத்தானே இருந்தீங்கள்?"

"இண்டைக்குத்தான்."

திரும்பி வரும்போது ரயிலில் மன்னிப்புக் கேட்டேன். அவள் சன்னலைப் பார்த்தபடி, "விரதத்தை முறிச்சதுக்கு முருகனிட்டை நான் கேக்கிறன். நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ" என்றாள். அதற்குப் பிறகு அந்த விருந்துக்கு அவள் வரவில்லை. போன வருடம் ஒருநாள் அந்தத் தாள்களை வாசிக்கத் தரச் சொல்லிக் கேட்டேன்.

"அது வாசிக்க எழுதினதில்லை. சொல்ல எழுதினது" என்றாள்.

இந்த வருட அழைப்பு வந்த அன்று இதை எழுதத் தொடங்கினேன். எழுதி முடித்ததும் முதலில் அவளிடம் கொடுத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து இருந்து, முழுவதும் வாசித்தாள். ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னாள்.

"நாலு தாள் இல்லை. அஞ்சு."

மேலே நான்கு என்றே விட்டிருக்கிறேன். எத்தனை தாள் என்றுகூட நான் பார்க்கவில்லை என்பதும் இதில் இருக்கட்டும்.

எழுதியதைத் திருப்பித் தந்து, "பிள்ளைக்கும் இது தெரியவேணும்" என்றாள்.

"பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே" என்றேன்.

"ஓம், தெரியாது. நீங்கள்தான் வாசிச்சுக் காட்டவேணும். எழும்பி நிண்டு."

ஞாயிற்றுக்கிழமை மகள் சாப்பிட வருகிறாள். இரண்டு நாளாக நான் பிரிட்ஜுக்கு முன்னால் நின்று வாசித்துப் பார்க்கிறேன். கோப்பையை எடுத்த இடம் வந்ததும் சத்தம் நின்றுபோகிறது. திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருக்கிறாள்.