வாசிப்புத் தாளை விட்டுவந்த வீடு

பிள்ளைகளுக்கு வாசிக்க வருகிறதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்கு அது இரண்டாவது வருடம். குடவாசல் பக்கத்துக் கிராமங்கள் என் பொறுப்பு. கையில் ஒரே ஒரு தாள்தான். மேலே எழுத்துகள், பிறகு சொற்கள், நான்கு வரியில் ஒரு பத்தி, கடைசியில் குட்டிக் கதை. பிள்ளை எதுவரை வாசிக்கிறது என்று குறித்துக்கொள்வேன்.

அந்த வீட்டுக்குப் போனபோது சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. அம்மா அப்போதுதான் வயலிலிருந்து வந்திருந்தார். முழங்கால் வரை சேறு. கையை மட்டும் கழுவிவிட்டு, ஐந்தாவது படிக்கும் மகளின் நோட்டை எடுத்துக் காட்டினார். அச்சடித்தது போன்ற கையெழுத்து.

பத்தியை நீட்டினேன். சிறுமி வாயைத் திறக்கவில்லை. சொற்களைக் காட்டினேன். முதல் எழுத்தைச் சொல்லிவிட்டு நின்றாள். தனித்தனி எழுத்துகள் மட்டும் தடையில்லாமல் வந்தன.

"புது ஆளப் பாத்துப் பயப்படுதுங்க," என்றார் அம்மா.

"பயம் இல்லீங்க. எழுத்து தெரியுது. சேத்துப் படிக்க இன்னும் வரல."

"இந்த நோட்டப் பாத்துட்டுமா இப்படிச் சொல்றீங்க?"

அவள் எழுதியிருந்த ஒரு பக்கத்தையே வாசிக்கச் சொன்னேன். முடியவில்லை. கரும்பலகையில் இருந்ததைப் பார்த்து வரைந்தே அத்தனை பக்கங்களையும் நிரப்பியிருக்கிறாள். அம்மா நோட்டை மூடி வைத்தார். "நான் எட்டாவது வரைக்கும் போயிருக்கேன். அந்தத் தாள எங்கிட்ட குடுங்க," என்றார்.

தாளை யாரிடமும் விடக்கூடாது என்பது எங்கள் விதி. கொடுத்துவிட்டேன். அலுவலகத்தில் நானே போய்ச் சொன்னேன். நன்றாகத் திட்டு விழுந்தது. செய்தது சரி என்றுதான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

பத்து நாள் கழித்து அந்த அம்மாவே போன் செய்தார். "எங்க தெருப் புள்ளைங்க எல்லாத்தையும் படிக்கச் சொல்லிப் பாத்துட்டேங்க. பாதிக்கு மேல வரல. நாளைக்கு ஸ்கூலுக்குப் போறோம், நீங்களும் வாங்க."

பள்ளிக்கு, தன்னோடு நடவுக்குப் போகும் நான்கு பெண்களோடு வந்திருந்தார். பிள்ளைகளுக்கு முதலில் வாசிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதும், தலைமை ஆசிரியை, "பாடத்த முடிக்கணுமேம்மா," என்று தயங்கினார். தினமும் ஒரு மணி நேரம் மட்டும் எந்த வகுப்பு என்பதை மறந்து, வாசிக்க வருகிற அளவைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைக்கலாம் என்றேன் நான். ஆசிரியை யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா சொன்னார்: "செய்ங்க டீச்சர். சாயங்காலம் வீட்ல படிக்க வைக்கறத நாங்க பாத்துக்கறோம்." மறுநாளே தொடங்கியது.

தை மாதம் மறுபடி போனேன். பழைய தாள் தெருவுக்கே மனப்பாடமாகியிருக்கும் என்று புதிதாக ஒன்று கொண்டுபோயிருந்தேன். சிறுமி கதையை எடுத்ததும் விரல் வைத்து வாசித்தாள். நடுவில் ஒரு நீண்ட சொல்லில் நின்றாள். உதவ வாயெடுத்தேன்.

"சொல்லாதீங்க," என்றார் அம்மா. "அவளே படிப்பா."

படித்தாள். முடித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "இவ்ளோதானா?" என்று என்னிடம் கேட்டாள்.