எட்டு ஓமும் ஒரு மூக்குக்கண்ணாடியும்

மேற்குத் தாம்பரத்து ஆடியோ கடை ஒன்றில் விற்பனையாளர் அவர். நரைத்த தலை, மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி. பேசும்போதெல்லாம் அந்தக் கண்ணாடியைத் தடவிக்கொண்டே இருப்பார், போட்டுக்கொள்ள மாட்டார்.

எங்கள் வீட்டு ஸ்பீக்கர்கள் நாலு ஓம். ஓம் குறைந்தால் ஸ்பீக்கர் அதிகக் கரண்ட் இழுக்கும், ஆம்ப்ளிஃபையர் சூடேறும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால், வாங்கப்போகும் ஆம்ப்ளிஃபையருக்கு அவை பொருந்துமா என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆவாது சார். தாராளமா போடுங்க. நான் சொல்றேன்ல?"

கிறிஸ்துமஸ் அன்று வீடு நிறைய விருந்தாளிகள். பாட்டின் பாதியில் சத்தம் நின்றது. பிரியாணி வாசனையை மீறிக் கருகல் நாற்றம்.

மறுநாள் கருகிய ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அன்றுதான் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டதைப் பார்த்தேன். பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"எட்டு ஓமுக்குக் கம்மியா போடக் கூடாதுன்னு கொட்டை எழுத்துல போட்டுகீதே சார். படிச்சவங்கதானே நீங்க? இதுக்கு வாரண்டி வராது."

"நீங்கதானே போடச் சொன்னீங்க?"

"நான் ஆயிரம் சொல்வேன் சார். நீங்க பாத்து வாங்க வேணாமா?"

அவர் முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. அது நடிப்பு என்று இன்றும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் வயிறு எரிகிறது.

அப்போது ஒரு பெண்மணி உள்ளே வந்து, தன் வீட்டு ஸ்பீக்கர் இதே மாடலுக்குச் சேருமா என்று கேட்டார்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தாராளமா போடுங்கம்மா."