அவள் கொளுத்திவிட்டுப் போன மெழுகுதிரி

கல்லறைத் திருநாளன்று கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் நாவலப்பிட்டி பஸ் ஏறி, வேண்டுமென்றே தாமதமாகத்தான் அம்மாவின் கல்லறைக்குப் போவேன். என் தங்கை நாவலப்பிட்டியிலேயே குடியிருந்தாள். விடிந்ததும் வந்து மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும். நான் மத்தியானத்துக்கு மேல்தான் வருவேன் என்று அவளுக்கும் தெரியும். இருவரும் பேசி வைத்துக்கொண்டதல்ல. பேச்சே இல்லாதபோது எங்கே பேசி வைப்பது?

நான் போகும்போது கல்லறை கழுவியிருக்கும். தலைமாட்டில், மேல்பாதி வெட்டிய பிளாஸ்டிக் போத்தலுக்குள் அவள் கொளுத்திய மெழுகுதிரியின் அடிக்கட்டை உறைந்து கிடக்கும். நவம்பர் மழைக்கு அவள் கண்ட உபாயம் அது. என் மெழுகுதிரியை வெறும் கல்லில்தான் நிறுத்துவேன். தூறல் விழுந்ததும் அணைந்துவிடும். இரண்டு தடவை கொளுத்திப் பார்த்துவிட்டு அவளுடைய போத்தலுக்குள்ளேயே வைத்துவிட்டு வருவேன். கோபம் வேறு, மழை வேறு.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அம்மா செத்தபோது நான் குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றேன். எஜமானியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி லீவு வாங்கினேன். தங்கைக்கு ஃபோன் எடுத்து, "நான் வர்ற வரைக்கும் எடுத்துறாத" என்றேன். "சரி" என்றாள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி வேன் பிடித்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வாசலில் வெள்ளைக் கொடிகள் நனைந்து தொங்கின. வாடகைக் கதிரைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா மண்ணுக்குள் போய்விட்டார்.

"பங்குச் சாமிக்கு வேற நேரமில்லன்னுட்டாங்கக்கா. மழையும் வந்துருச்சி" என்றாள் தங்கை. நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அப்போது சிறுமியாக இருந்த அவளுடைய ஒரே மகள் கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். அன்றைக்கு விட்டதுதான் பேச்சு.

பிறகு குவைத்தும் முடிந்தது. கல்யாண வயது அங்கேயே போய்விட்டதால் கண்டியை ஒட்டிய கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு மாடியறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்துவிட்டேன். கீழ் வீட்டு முஸ்லிம் அம்மா நோன்புப் பெருநாளுக்கு வட்டிலாப்பம் கொடுத்தனுப்புவார். நத்தார் பண்டிகைக்கு நான் கேக் கொடுப்பேன். மற்ற நாட்களில் என் கதவைத் தட்ட ஆளில்லை. தேத்தண்ணி ஊற்றினால் ஒரு கோப்பைதான். சில நாள் என் குரலை நானே கேட்பது பூசையில் பதில் சொல்லும்போது மட்டும்தான்.

அந்தப் பூசையிலும் ஒரு இடம் எனக்குத் தொண்டையில் சிக்கும். பிறரை மன்னிப்பது பற்றிய செபம் அல்ல. அதை எல்லாரையும்போல நானும் வேகமாகச் சொல்லிவிடுவேன். விசுவாசப் பிரமாணத்தின் கடைசியில் நித்திய சீவியம் வரும் இடம்தான் எனக்குச் சிரமம். நித்தியம் என்றால் முடிவில்லாமல். அம்மா அங்கே இருப்பார். தங்கையும் வருவாள், என்னைவிட அவளுக்குத்தான் பக்தி அதிகம். முடிவில்லாமல் அவள் முகத்தில் முழிக்க வேண்டுமா? மோட்சத்தில் தனித்தனி வாசல் இருக்குமா என்று ஃபாதரிடம் கேட்கலாம் போலிருக்கும்.

போன வருடக் கல்லறைத் திருநாளன்று நான் போனபோது அம்மாவின் கல்லறை கழுவப்படாமல் பாசி பிடித்துக் கிடந்தது. போத்தலும் இல்லை, மெழுகும் இல்லை. பக்கத்துக் கல்லறைகளிலெல்லாம் பூவும் வெளிச்சமுமாக இருந்தது. கொண்டுபோன மெழுகுதிரியைக் கொளுத்தாமலே கைப்பையில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தேன்.

கட்டிலில் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். புருஷன் முன்னமே செத்துப்போய்விட்டான். மகள் கட்டாரில் ஒரு ஹோட்டலில் வேலை. பக்கத்து வீட்டாள்தான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தங்கை, "அம்மாவுக்கு இந்த வருஷம் நான் கொளுத்தலக்கா" என்றாள். பிறகு பக்கத்து வீட்டாளை வெளியே போகச் சொன்னாள்.

"சாமிக்கு நேரமில்லன்னு நான் சொன்னது பொய். சாமி மறுநாளும் வாறேன்னுதான் சொன்னாரு. நாந்தான் எடுக்கச் சொன்னேன். வேணும்னேதான்."

நான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"கழுவி விட்டது நான், சோறு ஊட்டுனது நான். அம்மா கடைசி வரைக்கும் ஒன் பேரத்தான் சொல்லிக்கிட்டு கெடந்தாங்க. நீ வந்து விழுந்து அழுதா எல்லாரும் ஒன்னத்தான் பாப்பாங்க. அது எனக்குப் பொறுக்கல."

"அதெல்லாம் விடு, இப்ப என்ன" என்று நான் எழுந்தேன்.

"விடுன்னு சொல்லாதக்கா. நான் செஞ்சது பாவம். பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன், சாமியும் மன்னிப்புக் குடுத்துட்டாரு. ஒன்கிட்டயும் கேக்கணும். மன்னிச்சிரு."

மழையும் சாமியாரும்தான் காரணம் என்று அரைகுறையாக நம்பிய காலத்திலேயே என்னால் மன்னிக்க முடியவில்லை. வேண்டுமென்றே செய்தாள் என்று தெரிந்த பிறகு எப்படி? ஆனால் சாகக் கிடப்பவளிடம் வேறென்ன சொல்வது? "மன்னிச்சிட்டேன்" என்றேன். அவள் நிம்மதியாகக் கண்ணை மூடினாள். எனக்கு உள்ளே ஒன்றும் அசையவில்லை. கல்லுப் போல இருந்தேன். அதன் பிறகு வாரா வாரம் போனேன். துணி துவைத்தேன், கஞ்சி கொடுத்தேன். ஊரார் என்னைப் பெரிய மனசுக்காரி என்றார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் அவள் போய்விட்டாள். மகள் கட்டாரிலிருந்து ஃபோனில், "பெரியம்மா, டிக்கட் கெடைச்சிருச்சி, வந்துக்கிட்டே இருக்கேன். அம்மாவ எடுத்துறாதீங்க" என்று கதறினாள். "சரி" என்றேன். அதே சொல்தான்.

வீட்டில் பெட்டி, வாசலில் வெள்ளைக் கொடிகள், அதே வாடகைக் கதிரைகள். சாவு வேலைகளை முன்னின்று பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள் காலையில் வந்து, "பிளேன் தாமதமாம், புள்ள எப்ப வந்து சேருமோ தெரியாது. வானமும் இருட்டிக்கிட்டு வருது. நீங்கதான் மூத்தவங்க. நீங்க சரின்னா இன்னைக்கே எடுத்துருவோம்" என்றார். நியாயமான பேச்சு. ஒருவரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

சரி என்ற சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் மகளும் பார்க்காமல் போகட்டும். வந்து வெறும் கதிரைகளைப் பார்க்கட்டும். எனக்கென்ன நடந்ததோ அதுவே. அப்படித்தான் நினைத்தேன், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. வேண்டுமென்றே செய்வது எவ்வளவு லேசான காரியம் என்று தெரிந்தது. தங்கை அன்று நின்ற அதே இடத்தில் நான் நின்றேன். அவளுக்காவது களைப்பும் பொறாமையும் இருந்தன. எனக்கு வன்மம் மட்டும்தான்.

"புள்ள வரட்டும்" என்றேன். "எவ்வளவு நேரமானாலும் சரி. பெட்டிய மூடக் கூடாது."

அன்று பூராவும், மறுநாளும் தங்கையின் பக்கத்திலேயே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். அவளோடு அத்தனை நேரம் சேர்ந்திருந்து எத்தனை காலம் ஆகிவிட்டது. மகள் வந்தாள். பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து தாயின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைகளைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. அம்மாவை நினைத்து அழுதேன், தங்கையை நினைத்தும் அழுதேன். மன்னிச்சிட்டேன் என்று மனசுக்குள் சொன்னேன். இந்த முறை அது வாயோடு நிற்கவில்லை. பிறகு அம்மாவின் குழியிலேயே அவளையும் வைத்தோம். மகள் திரும்பக் கட்டாருக்குப் போய்விட்டாள்.

இந்தக் கல்லறைத் திருநாளிலும் பழக்க தோஷத்தில் மத்தியானத்துக்கு மேல்தான் போனேன். கல்லறையை நானே கழுவினேன். இரண்டு மெழுகுதிரி கொண்டுபோனவள் போத்தல் கொண்டுபோகவில்லை. எந்த வருடமும் கொண்டுபோனதில்லை, அவள்தான் வைத்திருப்பாள். மழை பிடித்துக்கொண்டது. குடையை மெழுகுதிரிகளுக்குப் பிடித்துக்கொண்டு, அவை எரிந்து முடியும்வரை நனைந்தபடி நின்றேன். சனங்கள் எல்லாம் போய்விட்டார்கள்.

புறப்படும்போது குனிந்து அவளிடம் சொன்னேன்.

"அம்மாகூடப் பேசிக்கிட்டு இரு. இந்தத் தடவையாவது நான் வர்ற வரைக்கும் பொறுத்திரு."