தீபாக்காவின் வலது பக்கம்

கையில் எடுக்கும் ஒவ்வொரு தோல் துண்டையும் தீபாக்கா கட்டைவிரலால் ஒருமுறை நீவிப் பார்ப்பாள். ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஒரே நீவல். பதினொரு வருடமாக எதிரில் உட்கார்ந்து பார்க்கிறேன், ஒருநாளும் அதை விட்டதில்லை. துண்டு மெலிசாக இருந்தால் தனியாக எடுத்து வைத்துவிடுவாள். மெலிசான தோலுக்கு அடியில் எதை வைத்தாலும் அதன் விளிம்பு மேலே கோடு போலத் தெரியும். செக்கிங்கில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எங்களுக்கு டேபிள் வேலை. சீவி வந்த தோலின் ஓரத்தில் சொல்யூஷன் பசை தடவி, மடித்து, சின்னச் சுத்தியால் தட்டிப் படிய வைக்க வேண்டும். தீபலட்சுமி என்கிற தீபாக்கா குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. பக்கத்தில் உட்காரும் முனவ்வர் பேகம், "ஃபேன கம்மி பண்ணுங்கப்பா, தீபா பறந்து போய்ட்டா அவ பங்க யாரு அடிக்கிறது?" என்பாள்.

"உன் இடுப்புல ஒரு கயிறு கட்டிக்கிறேன். அப்பறம் புயலே வந்தாலும் நான் அசைய மாட்டேன்" என்று அக்கா திருப்பிக் கொடுப்பாள்.

மூன்று வருடத்துக்கு முன் அக்காவின் வலது மார்பில் கட்டி வந்தது. வேலூரில் மார்பை முழுவதும் எடுத்துவிட்டார்கள். மருந்து ஏற்றி முடித்து, கொட்டிய முடி முளைத்ததும் வேலைக்கு வந்தாள். ஜாக்கெட்டுக்குள் பழைய துணியை மடித்து வைத்துக்கொள்வாள். சுத்தி அடிக்க அடிக்கத் துணி மேலே ஏறும். மதியத்துக்குள் கழுத்தெலும்புக்கு வந்துவிடும். பாத்ரூம் போய் இறக்கிவிட்டு வருவாள். நான் பார்ப்பேன். பார்க்காத மாதிரி தலையைக் குனிந்துகொள்வேன்.

போன வருடம் ஒருநாள், எட்டி ஒரு துண்டை எடுக்க அக்கா மேசைமேல் குனிந்தபோது அந்தத் துணி நழுவி மேசையில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் ஜெயப்பிரகாஷ் வந்தார். மேசையில் சொல்யூஷன் சிந்திக் கிடந்தது. எங்கள் மேசையில் ஒரு துணி கிடந்தால் அது துடைக்கிற துணிதான். எடுத்தார், துடைத்தார், கழிவுப் பெட்டியில் போட்டார்.

"டேபிள இப்படியா வெச்சிருப்பீங்க?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்மேல் தப்பில்லை. முனவ்வர் பேகம் பையிலிருந்து ஒரு துப்பட்டாவை எடுத்து அக்காவின் தோளில் போட்டாள், அவ்வளவுதான்.

அன்று பஸ்ஸில் அக்கா சொன்னாள்: "உள்ளயே வெக்கிறாங்களாமே, சிலிக்கான் பை. அத வெச்சிக்கப் போறேன். இந்தப் பேஜார் இனிமே என்னால முடியாதுடி."

அவள் கணவர் பரந்தாமன் தறி ஓட்டுகிறவர். அவரால் விட்டு வர முடியாததால் ஆஸ்பத்திரிக்கு நான் கூடப் போனேன். டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமையாகச் சொன்னார். முதலில் ஒரு தற்காலிகப் பை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உப்புத் தண்ணீர் ஏற்றித் தோலைத் தளர்த்துவார்களாம். சில மாதம் கழித்து நிஜப் பை. அதை நெஞ்சுச் சதைக்கு மேலே வைப்பதா, சதைக்கு அடியில் வைப்பதா என்பதைத்தான் இப்போது முடிவு செய்ய வேண்டும்.

"நீங்க ரொம்ப மெலிசும்மா. தோலுக்கு அடியில கொழுப்பே இல்ல. மேல வெச்சா ஓரம் தெரியலாம், குனிஞ்சா சுருக்கம் விழலாம். இந்த மாதிரி உடம்புக்கு பெரும்பாலும் சதைக்கு அடியிலதான் வெக்கச் சொல்வோம்."

"அடியிலயே வெச்சிடுங்க மேடம்" என்று அக்கா உடனே சொன்னாள். மெலிசுத் தோலைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஆனா கைய அசைக்கும்போது அந்தச் சதையும் இறுகும். கையில ஜாஸ்தி வேலை செஞ்சா பை இழுபடும், வலிக்கலாம். என்ன வேலை பாக்கறீங்க?"

"உக்காந்த வேலதான் மேடம்."

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. அவள் சொன்னது பொய்யும் இல்லை. வெளியாட்கள் முன்னால் நான் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு எப்படியோ வாயில் வந்துவிட்டது.

"சுத்தி அடிக்கிற வேல மேடம். நாள் முழுக்க."

டாக்டரம்மா அவள் வலது கையில் பேனாவைக் கொடுத்து, சுத்தி மாதிரி மேசையில் அடிக்கச் சொன்னார். அக்காவின் இடது கையை எடுத்து அவள் வலது நெஞ்சிலேயே வைத்தார். அக்கா அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே சதை இறுகித் தளர்வது அவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தாள்.

"போதும்மா" என்றார் டாக்டரம்மா. "யோசிச்சிட்டு அடுத்த வாரம் வாங்க."

பஸ்ஸில் ஏறியதும் பரந்தாமன் போன் செய்தார். டாக்டரம்மா கேட்டதை அக்கா சொன்னாள். தறிச் சத்தத்துக்கு மேல் அவர் கத்தியது எனக்கும் கேட்டது. "வெளிய தெரியாத மாதிரி வெச்சிக்க. தெரியற மாதிரி வெச்சிக்கறதுக்கு இன்னாத்துக்கு ஆபரேசன்?"

"என் பங்க நீங்க வந்து அடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "இத்தினி வருசமா ஓரம் தெரியற பீஸ ஒதுக்கிப் போட்டவடி நானு."

"ம்."

"உம்மேல கோவம் இல்ல. நீ சொல்லாம இருந்திருந்தா பாக்க நல்லா இருந்திருக்கும். அப்பறம் கை போயிருக்கும்."

அடுத்த வாரம், சதைக்கு மேலேயே வைக்கச் சொல்லிவிட்டாள்.

இரண்டாவது ஆபரேஷனும் முடிந்து அக்கா மேசைக்குத் திரும்பி மூன்று மாதமாகிறது. வலது பக்கம் மேல் ஓரம் கிண்ணத்தின் விளிம்பு போலத் தெரிகிறது. குனிந்தால் இரண்டு சுருக்கம் விழுகிறது. ஜாக்கெட்டுகளைக் கழுத்து ஏற்றித் தைத்துக்கொண்டாள். பரந்தாமன் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பாத்ரூமுக்கு ஓடுவது நின்றுவிட்டது. நாலு மணிக்கு மேல் தோள் கனக்கிறது என்கிறாள், அது எங்கள் எல்லோருக்கும் கனக்கிறதுதான். தன் பங்கைத் தானே அடித்து முடிக்கிறாள்.