முழுவதும் படித்துவிட்டு மேடையேறியவள்

சென்ற ஆண்டு மழைக்காலம் தொடங்கியிருந்த நேரம். எங்கள் பகுதி அரசியல் பிரமுகர் ஒருவர் எழுதிய நூலுக்குப் பூந்தமல்லியில் ஒரு திருமண மண்டபத்தில் அறிமுக விழா நடந்தது. பாதி குடும்பச் சேமிப்பைப் பற்றியும், பாதி அரசின் கொள்கைகளைப் பற்றியும் பேசும் நூல் அது. அம்பத்தூர்க் கல்லூரி மாணவியான என்னை, இளைஞர்கள் சார்பில் மதிப்புரை வழங்க அழைத்திருந்தார்கள். பள்ளி நாள் முதல் விவாத மேடைகளில் பேசிப் பரிசு வாங்கியவள் என்பதால், அந்த அழைப்பு எனக்கு உரியதுதான் என்றே எண்ணினேன்.

இத்தகைய விழாக்களில் ஒரு வழக்கம் உண்டு. மதிப்புரை சொல்பவர் முன்னுரையையும் பின்னட்டையையும் பார்த்தால் போதும். விழா அமைப்பாளரும் தொலைபேசியில், "அட்டைல இருக்கறத அழகா நாலு வார்த்தை பேசும்மா, அது போதும்" என்றார். ஆனால் எதிரணியின் ஒவ்வொரு வாக்கியத்தையும் பிரித்துப் பார்த்தே பழகியவள் நான். நூலைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன்.

சேமிப்பைப் பற்றிய அத்தியாயம், நடுத்தரக் குடும்பம் தயங்காமல் வாங்க வேண்டியது ஏரியோரத்து மனை என்றது. கொள்கையைப் பற்றிய அத்தியாயம், ஏரியோரத்தில் எழுந்த வீடுகளை ஒன்றுவிடாமல் அகற்ற வேண்டும் என்றது. இரண்டுமே உறுதியான குரலில், சிறிதும் ஐயமின்றி எழுதப்பட்டிருந்தன.

வேறொரு நேரமாயிருந்தால் சிரித்துவிட்டு நகர்ந்திருப்பேன். ஆனால் வானகரத்தில் வாடகை வீட்டில் இருக்கும் என் அக்காவும் மாமாவும் ஏற்கெனவே விற்பனைக்கு வந்திருந்த அந்த நூலின் சேமிப்பு அத்தியாயத்தைப் படித்து நம்பி, செம்பரம்பாக்கத்தில் ஏரியை ஒட்டிய ஒரு மனைக்கு முன்பணம் கொடுக்க நாள் குறித்திருந்தார்கள். மாமாவின் சம்பளச் சேமிப்பும் அக்காவின் நகைகளும் அந்த ஒரு மனைக்குள் போகவிருந்தன.

இரண்டு அத்தியாயங்களையும் அக்காவிடம் காட்டினேன். அவள் படிக்கவே இல்லை.

"போன மாசம் சொந்த வீடு வேணும்னு பேசிக் கோப்பை வாங்கின. இப்ப வேணாம்னு பேசற. உன்னை எந்த அணியில போட்டாலும் பேசுவடி. அவரு எவ்ளோ பெரிய ஆளு, யோசிக்காமலா எழுதுவாரு?"

அப்படியானால் அவரையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்து, அக்காவையும் விழாவுக்கு அழைத்துச் சென்றேன்.

மேடையேறிய பிறகுதான் அவையைச் சரியாகப் பார்த்தேன். முன்வரிசைகள் முழுவதும் கரைவேட்டிகள். நடுவர் இல்லை, எதிரணி இல்லை, கைதட்டுவதற்கென்றே வந்த கூட்டம். இருந்தும் கேட்டேன். "ஐயா, ஏரியோரத்து மனையை வாங்கச் சொல்கிறது உங்கள் ஓர் அத்தியாயம். அங்கே கட்டிய வீட்டை இடிக்கச் சொல்கிறது மற்றோர் அத்தியாயம். என் அக்கா எதை நம்பி நடப்பது?"

என் மைக் உயிரிழந்தது. தொகுப்பாளர் வேறொரு மைக்கை எடுத்து, "நேரம் கருதி அடுத்த பேச்சாளரை..." என்று தொடங்கிவிட்டார். பிரமுகர் எழுந்து எனக்குச் சால்வை அணிவித்தார். "நல்லாப் பேசற" என்று புன்னகைத்தார். ஆனால் அவருடைய கண்கள், என்னைத் தாண்டி, மேடை ஓரமாக நின்ற ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த மனிதர் உடனே கீழே இறங்கி, "அந்தப் பொண்ணு யார்கூட வந்துச்சு?" என்று விசாரிப்பது என் காதில் விழுந்தது.

சாப்பிடாமலே வெளியேறினோம். தூறலில் டிரங்க் ரோட்டை நோக்கி நடக்கும்போது அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். "மாமா தினம் இந்த வழியாத்தான் வேலைக்குப் போகணும். அதையாவது நினைச்சியா?"

அப்போதுதான் கவனித்தேன். ஒரு பைக் எங்கள் நடைக்கு ஏற்ற வேகத்தில், எங்களைக் கடந்து போகாமல், பின்னாலேயே வந்தது. அதில் இரண்டு பேர். பேருந்து நிறுத்தத்துக்குச் சற்று முன்னால் குறுக்கே நின்றது.

"இன்னாம்மா, சாப்டாமகூட கெளம்பிட்டீங்க?"

அக்கா என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். "சின்னப் பொண்ணுண்ணா. தெரியாமப் பேசிட்டா, விட்ருங்க."

"இன்னாக்கா நீ. அடிக்கவா வந்துகீறோம்?" பின்னால் இருந்தவர் சட்டைக்குள் கைவிட்டார். வெளியே வந்தது, மழையில் நனையாதபடி அவர் வைத்திருந்த அதே நூல். "தலைவரு குடுத்தனுப்பினாரு. பாப்பா சொல்லிச்சே, அந்த ரெண்டு எடமும் எங்க கீதுன்னு மடிச்சுக் குடுக்கணுமாம். அவரும் தேடிப் பாத்தாரு, ஆப்டல. வேற எங்கனா இந்த மாரி கீதான்னு கேக்கச் சொன்னாரு."

"தலைவருக்கு புக்க எழுதிக் குடுத்தவன் வேற ஃபோன எடுக்க மாட்டேன்றான்" என்று வண்டி ஓட்டியவர் சலித்துக்கொண்டார்.

அந்த இரண்டு இடங்களிலும் பக்கங்களின் முனைகளை மடித்தேன். தேங்க்ஸ் சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். அக்கா அந்தப் பைக் மறையும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பேருந்தில் ஏறி அமர்ந்ததும் மாமாவை அழைத்தாள். "அந்த எடம் வேணாங்க. இல்ல, இவ சொன்னதுக்காக இல்ல. வீட்டுக்கு வந்து சொல்றேன்."

மறித்து நின்ற வண்டி தந்த பயம் வானகரம் வருவதற்குள் தணிந்துவிட்டது. வேறொரு பயம் மட்டும் இன்றுவரை தணியவில்லை. எங்கெங்கோ எத்தனையோ வீடுகளில், அந்த நூலை மடியில் வைத்துக்கொண்டு, எழுதியவர் யோசித்துத்தான் எழுதியிருப்பார் என்ற நம்பிக்கையில், யாரோ ஒரு கணவனும் மனைவியும் இந்நேரம் தம் வாழ்க்கையைத் திட்டமிட்டுக்கொண்டிருப்பார்கள்.