எழும்பாத நரம்பு

என் மனைவியின் இரண்டு கைகளிலும் நாலு இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. தர்மபுரியில் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் நடுவில், ஒரு வெள்ளிக்கிழமை. அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி, மறுநாள் ஆபரேஷன். அதற்குமுன் ரத்தம் எடுத்து என்ன வகை என்று பார்த்தாக வேண்டும். வேலைக்குப் புதிதாக வந்திருந்தவர் நாலு தடவை குத்தியும் ஒரு சொட்டு வரவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அவள் பச்சை குத்தியிருந்தாள். அதில் எது பச்சை, எது நரம்பு என்று அவருக்குப் பிடிபடவில்லை.

“வூட்டுக்குப் போலாங்க. நடக்கிறது நடக்கட்டும்” என்று அவள் எழுந்தேவிட்டாள்.

அப்போதுதான் அந்தப் பெரியம்மா வந்தார். அங்கே வெகுகாலமாக ரத்தம் எடுத்துவந்தவர், எல்லோருக்கும் பெரியம்மாதான். ரப்பர் குழாயைக் கட்டிவிட்டு அவர் கையைப் பார்க்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு விரலால் தடவினார்.

“நரம்பு கண்ணுக்கு இல்லைங்க, வெரலுக்கு. துடிச்சா அது நாடி, அதுல குத்தக்கூடாது. கயிறாட்டம் கெட்டியா இருந்தா அது தசைநாரு. அமுக்கினா உள்ள போயி, விட்டா எழும்பி வரணும்.” சட்டென்று நிறுத்தினார். “ஒண்ணுமே எழும்பலையே. காலையிலேர்ந்து தண்ணி குடிச்சியா கண்ணு?”

அவள் என்னைப் பார்த்தாள். அன்று பொழுது சாயும்வரை அவள் பச்சைத் தண்ணி தொடமாட்டாள் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டது நான். அவளைக் கேட்காமலே.

நான் சொன்னதும் பெரியம்மா சிரித்தார். “வேண்டுனது நீங்க, காயறது இவங்களா? நல்லா இருக்குதுங்க உங்க பக்தி!”

வெட்கமாகப் போயிற்று. அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன். “தாயே, சொன்னது என் வாய். இனிமே வெள்ளிக்கிழமைதோறும் என் வாயே காயட்டும்.”

அதைக் கேட்ட பிறகுதான் அவள் பெரியம்மா நீட்டிய தண்ணீர்ச் சொம்பை வாங்கிக் குடித்தாள். பெரியம்மா வெந்நீரில் துணி நனைத்து முழங்கையில் சுற்றி, கையைத் தொங்கப்போடச் சொன்னார். அரைமணி கழித்துத் தடவிய விரல் ஓர் இடத்தில் நின்றது. பச்சைக்கோட்டுக்கு நேர் அடியில். ஒரே குத்து. கருஞ்சிவப்பாகச் சிரிஞ்சில் ஏறியது. ரத்தத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்று ஒருநாள்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அம்மன் புண்ணியம். இன்றும் வெள்ளிக்கிழமைகளில் பொழுது சாயும்வரை நான் தண்ணீர் தொடுவதில்லை. அவள் என் எதிரிலேயே நின்று சொம்பைத் தூக்கி மடக்மடக்கென்று குடிப்பாள். “தண்ணி ஜில்லுனு இருக்குதுங்க” என்று சீண்டுவாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தால் எனக்குத் தாகமே தெரிவதில்லை.